ஊர் கூடி இழுத்த தேர்: தோட்டத் தமிழ்ப்பள்ளியும் பெற்றோரும்



பரிசளிப்பு விழா மலர் என்றால் வாழ்த்துரைகள் இருக்கும், ஆண்டறிக்கை இருக்கும், பரிசு வாங்கிய பிள்ளைகளின் படங்கள் இருக்கும். அவற்றுக்கு நடுவே ஒரு வரலாற்றுக் கட்டுரைக்கும் இவ்வாண்டு இடம் கொடுத்திருக்கிறார்கள். வரலாறு என்றதும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். சோழ மன்னர் வரலாற்றை நான் எழுதப் போவதில்லை. இது உங்கள் தாத்தா பாட்டியின் வரலாறு.

"இந்தப் பள்ளிக்கூடத்தைக் கொடுத்தது யார்?" என்று வகுப்பில் கேட்டால், "கவர்மெண்டு" என்பான் ஒருவன். "அந்தக் காலத்துத் துரை" என்பான் இன்னொருவன். இரண்டு விடையும் தவறில்லை. ஆனால் இரண்டையும் கூட்டினாலும் முழு விடை வராது. துரை தகரமும் பலகையும் கொடுத்தார். அரசாங்கம் முதலில் சட்டம் கொடுத்தது. பிறகு சம்பளம் கொடுத்தது. பிள்ளையைக் கொடுத்தது யார்? பிள்ளை வராத பள்ளிக்கூடம் வெறும் கொட்டகைதானே! அந்தக் கொட்டகையைப் பள்ளிக்கூடமாக்கியவர்கள், கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைத்த நம் முன்னோர்கள். அந்தக் கதையைச் சற்று நிதானமாகக் காண்போம்.

பத்துப் பிள்ளைக்கு ஒரு பள்ளி

இந்நாட்டில் தமிழ்க் கல்வியின் தொடக்கம் 1816 என்று கணக்கிடுகிறோம். அவ்வாண்டில் பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் தொடங்கப்பட்டபோது அதனோடு சேர்ந்து தமிழ் வகுப்பும் பிறந்தது என்பதை வைத்தே, 2016-இல் தமிழ்க் கல்வியின் 200-ஆம் ஆண்டைக் கொண்டாடினோம். அந்த முதல் வகுப்பு நீடித்து நிற்கவில்லை. போதிய ஆதரவு இல்லாமல் நின்றுபோனது. ஆக, முதல் பாடமே அங்கே இருக்கிறது: யாரோ ஒருவர் நல்ல மனத்தோடு திறந்துவிட்டால் மட்டும் பள்ளி நிலைத்துவிடாது.

தோட்டப் பள்ளியின் கதை அதற்கு நெடுங்காலம் கழித்துத் தொடங்குகிறது. ஆரம்பத்தில் 'சஞ்சிக்கூலி' என்று பெரியவர்கள் சொல்லும் ஒப்பந்த முறையில்தான் ஆட்கள் வந்தார்கள். பெரும்பாலும் தனி ஆண்கள். ஒப்பந்தம் முடிந்தால் ஊர் திரும்பலாம் என்ற நினைப்பு. அந்த முறைக்கான ஆள்சேர்ப்பு 1910-இல் நிறுத்தப்பட்டது. ரப்பருக்கு விலை ஏறிய காலம் அது. கங்காணிமார் தங்கள் ஊருக்கே போய், உறவையும் பழக்கத்தையும் காட்டிக் குடும்பம் குடும்பமாக அழைத்து வந்தார்கள். பெண்கள் வந்தார்கள்; லயத்தில் தொட்டில் கட்டினார்கள்; பிள்ளைகள் ஓடியாடத் தொடங்கினார்கள்.

1912-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் இந்த மாற்றத்தின் விளைவு. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் குடியிருக்கும் தோட்டத்தில், தோட்ட நிர்வாகம் பள்ளி ஒன்றை நடத்த வேண்டும் என்று அச்சட்டம் சொன்னது. 1923-இல் மறுபடியும் வகுக்கப்பட்ட சட்டத்திலும் இந்த விதி நின்றது. இதைக் கருணை என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இருந்தால் குடும்பம் தோட்டத்தை விட்டுப் போகாது, ஆள் நிலைத்திருக்கும் என்ற கணக்கும் அதில் இருந்தது.

சட்டம் பள்ளி வேண்டும் என்றதே தவிர, எப்படிப்பட்ட பள்ளி என்பதைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படவில்லை. பல தோட்டங்களில் ஆயாக் கொட்டகையின் ஒரு பக்கம் பள்ளியானது. சில இடங்களில் கோயில் மண்டபம். கங்காணியோ, கிராணியோ, எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு தொழிலாளியோ தம் வேலை முடிந்தபின் வாத்தியார் ஆனார். பாடப் புத்தகம் கப்பலில் தமிழகத்திலிருந்து வந்தது. ஒரே அறையில் எல்லா வகுப்பும் நடந்தது. நான்காம் வகுப்பைத் தாண்டுவதே பெரிய காரியம். தோட்டத்துப் பிள்ளை தோட்டத்துக்கே ஆள் ஆனால் போதும் என்பது அக்கால நிர்வாகங்களின் எண்ணம்.

கூலியா, கல்வியா?

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். மாணவர்களே, நீங்களும் சேர்ந்து போடுங்கள்.

1920-களின் இறுதியில் பல மாவட்டங்களில் நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அரிசியும் பருப்பும் கடைக் கடனும் போக மிஞ்சுவது என்ன? அந்த நிலையில், வீட்டில் ஒன்பது வயதில் ஒரு பையன் இருக்கிறான். அவன் புல்லுப் பிடுங்கப் போனால் சில காசு வரும். ஒட்டுப்பால் உருவ, மங்கு துடைக்க, அம்மாவின் நிரையில் கூட நின்று உதவினால் வேலை சீக்கிரம் முடியும். பத்து வயதுப் பெண்பிள்ளை வீட்டில் இருந்தால் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வாள், உலை வைப்பாள். அந்தப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால் அத்தனையும் நட்டம்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துப் பிள்ளையை வேலைக்கு அனுப்பிய குடும்பங்கள் ஏராளம். அவர்களைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. வயிறு சொன்னதைத்தான் அவர்கள் கேட்டார்கள். பெண்பிள்ளைகள் பலர் பள்ளிவாசலையே மிதிக்காமல் வளர்ந்ததும் இந்தக் கணக்கினால்தான். 1930 முதல் உலகப் பொருளாதாரமே சரிந்து, ரப்பர் விலை விழுந்து, கூலி இன்னும் குறைந்தபோது நிலைமை மேலும் மோசமானது. வேலையில்லாமல் கப்பலேறித் திரும்பிப் போனவர்கள் பல்லாயிரம் பேர்.

ஆனால் அதே கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, "போகட்டும், ரெண்டு காசு கொறஞ்சா கஞ்சிய கொஞ்சம் தண்ணியா குடிச்சிக்கலாம், பய நாலு எழுத்து படிக்கட்டும்" என்று முடிவெடுத்த பெற்றோரும் இருந்தார்கள். இருட்டோடு எழுந்து பெரட்டுக்குப் போகும் முன், பிள்ளைக்கு முகம் கழுவிவிட்டு, பழைய சோற்றை எடுத்து வைத்து, "பள்ளிக்கூடம் போயிடு சாமி" என்று சொல்லிவிட்டுப் போன தாய்மார்கள் இருந்தார்கள். தமிழ்ப்பள்ளிக்குக் கிடைத்த முதல் நன்கொடை எது என்று யாராவது கேட்டால், நான் இதைத்தான் சொல்வேன்: பிள்ளையின் கூலியை வேண்டாம் என்று விட்டுக்கொடுத்த அந்தக் காசு! எந்தக் கல்வெட்டிலும் அது பொறிக்கப்படவில்லை. எந்த ரசீதுப் புத்தகத்திலும் ஏறவில்லை.

கோரிக்கைப் பட்டியலில் பிள்ளைகள்

விட்டுக்கொடுத்ததோடு அவர்கள் நின்றுவிடவில்லை. வாய் திறந்து கேட்கவும் செய்தார்கள். இதற்குச் சான்றாக நிற்பது 1941-ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தம்.

அப்போது தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளைப் பாருங்கள். சீனத் தொழிலாளருக்கு இணையான சம்பளம் வேண்டும். மருத்துவ வசதி வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும். பெண்களிடம் முறைகேடாக நடப்பது நிற்க வேண்டும். இவற்றோடு ஒன்றாக, பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் என்பதும் அந்தப் பட்டியலில் இருந்தது!

சட்டப்படி பள்ளி ஏற்கெனவே இருந்ததே, பிறகு ஏன் கேட்டார்கள்? பேருக்கு இருக்கும் பள்ளிக்கும் உண்மையான பள்ளிக்கும் வித்தியாசம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்தான். ஆனால் பிள்ளை படிக்கிறானா, கொட்டகையில் உட்கார்ந்துவிட்டு வருகிறானா என்று கண்டுபிடிக்க அவர்களுக்குப் படிப்பு தேவைப்படவில்லை.

அந்தப் போராட்டம் அடக்கப்பட்டது. அதை வழிநடத்திய ஆர். எச். நாதன் 1941 மே மாதத்தில் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். பட்டாளம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். சம்பளத்துக்காக மட்டும் அவர்கள் நின்றார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. அந்தப் பட்டியலில் நம் பிள்ளைகளின் சிலேட்டும் இருந்தது என்பதை நினைவில் வைப்போம்.

அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர் வந்திறங்கினார்கள். அடுத்த மூன்றரை ஆண்டுகளில் பல பள்ளிகள் மூடிக் கிடந்தன. சயாம் மரண இரயில்பாதைக்குத் தோட்டங்களிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட பல்லாயிரம் தமிழர்களில் திரும்பி வராதவர்கள் பலர். தகப்பன் இல்லாத வீடுகளில் தாய்மார்கள் தனியே பிள்ளைகளை வளர்த்தார்கள். அந்த இருண்ட காலத்திலும் ஒரு புதுமை நடந்தது. இந்தியச் சுதந்திரச் சங்கத்தின் பாலர் சேனையில் சிறுவர்கள் அணிவகுத்தார்கள். 1943-இல் அமைந்த ஜான்சி ராணிப் படையில் தோட்டத்துப் பெண்களும் சேர்ந்தார்கள். வீட்டை விட்டு வெளியே போகாத பெண்பிள்ளை வரிசையில் நின்று நடை பயின்றாள். கூட்டாக நிற்பது என்றால் என்ன என்பதை நம் மக்கள் அப்போது கண்டார்கள்.

திருநாளும் மணிமன்றமும்

போருக்குப் பின் வந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளைத் தோட்டத் தமிழர்களின் விழிப்புக் காலம் எனலாம். 1946, 1947-இல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கு எதிராகக் கிளம்பினார்கள். கள்ளுக்கடைக்குப் போகிற காசு வீட்டுக்கு வந்தால்தான் பிள்ளைக்குச் சட்டையும் புத்தகமும் என்பது சாதாரணத் தாய்க்கும் விளங்கிய செய்தி. 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாகி, சிதறிக் கிடந்த சங்கங்கள் ஒன்றாயின.

இதே காலத்தில் சிங்கப்பூரில் 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி அவர்கள் 1952-இல் தமிழர் திருநாளைத் தொடங்கிவைத்தார். மலாயாவெங்கும் அது பரவியது. பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, நாடகம், விளையாட்டு என்று பிள்ளைகள் மேடையேறினார்கள். தமிழ் முரசின் வழியாகவே மாணவர் மணிமன்றமும் வளர்ந்தது. அதில் எழுதியும் பேசியும் பழகிய பிள்ளைகள் பின்னாளில் ஆசிரியர்களாகவும் எழுத்தாளர்களாகவும் தலைவர்களாகவும் வந்தார்கள்.

இங்கே பெற்றோர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். திருநாள் மேடையில் பேசிய பையன் பாடப் புத்தகத்தில் மட்டும் பேச்சைக் கற்கவில்லை. கூட்டத்தின் முன் நிற்கவும், தோற்றால் சிரித்துக்கொள்ளவும், வென்றால் அடக்கமாக இருக்கவும், நாலு பேரோடு சேர்ந்து ஒரு காரியத்தை முடிக்கவும் கற்றுக்கொண்டான். அவன் வேஷம் கட்டத் தன் சேலையைக் கொடுத்தவள் தாய். மேடைக்கு மூங்கில் வெட்டி வந்தவர் தகப்பன். பாட்டும் கும்மியும் சொல்லிக்கொடுத்தவள் பாட்டி. அந்த மேடையில் நின்றது பிள்ளைதான். ஆனால் மேடையைத் தாங்கிப் பிடித்தது தோட்டம் முழுவதும்.

அவர்கள் பெருமனத்துக்கு இன்னுமோர் உதாரணம். மலாயாப் பல்கலைக்கழகம் அன்று சிங்கப்பூரில் இருந்தது. அங்கே இந்திய இயல் துறை அமையவிருந்த சமயம், அதில் தமிழுக்கு உரிய இடம் கிடைக்க வேண்டும் என்று சாரங்கபாணி குரல் கொடுத்தார். 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி! அந்த ஒரு வெள்ளியைக் கொடுத்தவர்களில் ஏழைத் தொழிலாளர்கள் ஏராளம். 1956-இல் அத்துறை அமைந்தது. தங்கள் காலத்தில் தங்கள் பிள்ளை பல்கலைக்கழக வாசலை மிதிப்பான் என்று அவர்களில் எத்தனை பேர் நம்பியிருப்பார்கள்? ஆனாலும் கொடுத்தார்கள். யார் வீட்டுப் பிள்ளையாவது படிக்கட்டும் என்று கொடுத்தார்கள்.

கயிறு கைமாறிய காலம்

1951-இல் வந்த பார்ன்ஸ் அறிக்கை, தாய்மொழிப் பள்ளிகளுக்குப் பதிலாக மலாயும் ஆங்கிலமும் கொண்ட பொதுப் பள்ளியே போதும் என்று சொன்னபோது, தமிழர்களும் சீனர்களும் எதிர்த்து நின்றார்கள். பின்னர் 1956-இல் ரசாக் அறிக்கை, 1957-இல் கல்விச் சட்டம். தமிழ்ப்பள்ளி தேசிய மாதிரித் தொடக்கப்பள்ளி ஆனது. பொதுவான பாடத்திட்டமும் பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் அரசாங்கச் சம்பளமும் வந்தன. 1962 முதல் தொடக்கக் கல்வி இலவசமானது. இவை பெரிய நன்மைகள். இவை இல்லாவிட்டால் என்னைப் போன்ற தொழிலாளி வீட்டுப் பிள்ளை பயிற்சி ஆசிரியராகி இக்கட்டுரையை எழுதிக்கொண்டிருக்க முடியாது.

ஆனால் நன்மையோடு ஒரு பழக்கமும் வந்து ஒட்டிக்கொண்டது. "இனி எல்லாம் கவர்மெண்டு பாத்துக்கும், வாத்தியார் பாத்துக்குவாரு" என்ற நினைப்பு. நம்ம ஊரில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்து வந்து, "வாத்தியாரே, கண்ணு ரெண்ட மட்டும் விட்டுட்டு மத்தத உரிச்சிடுங்க" என்று சொல்லி ஒப்படைத்துவிட்டுப் போவார்கள். ஆசிரியர் மேல் வைத்த நம்பிக்கை அது. அதற்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் ஒப்படைத்ததோடு முடிந்தது என்று நினைத்தால், அந்த நம்பிக்கையே பிள்ளைக்குத் தீங்காகிவிடும். ஒரு நாளில் ஐந்தாறு மணி நேரம் பிள்ளை எங்களிடம். மீதி நேரமெல்லாம் உங்களிடம். பெரிய பங்கு யாருடையது?

இடையில் வேறு இடிகளும் விழுந்தன. 1950-களின் பிற்பகுதியிலும் 60-களிலும் பெரிய தோட்டங்கள் துண்டாடப்பட்டன. குடும்பங்கள் சிதறின, பள்ளிகள் பிள்ளைகளை இழந்தன. அப்போதும் நம் மக்கள் கைகட்டி நிற்கவில்லை. 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் தோட்டத் தொழிலாளர்கள் தங்கள் சம்பளத்திலிருந்து மாதா மாதம் பணம் போட்டுத் தோட்டங்களை வாங்கினார்கள். 1969-க்குப் பின் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் முறை வந்தபோது, ஆயிரக்கணக்கானோர் தமிழகம் திரும்ப நேர்ந்தது. பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய்ப் பல இடங்களில் வீடமைப்புப் பகுதிகள் வந்தன. 1957-இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. 2010-இல் 523. இதற்குப் பெற்றோரை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. தோட்டம் மூடியது, மக்கள் நகர்ந்தார்கள், சிறு பள்ளிகள் இணைக்கப்பட்டன. ஆனால் தப்பிப் பிழைத்த பள்ளிகள் பலவற்றின் பின்னால், மனு எழுதியும், கூட்டம் கூட்டியும், நிலம் கேட்டு அலைந்தும் போராடிய பெற்றோர்கள் இருந்தார்கள் என்பதும் உண்மை.

பக்கத்து நாடான சிங்கப்பூரைப் பாருங்கள். அங்கே கடையநல்லூரிலிருந்து வந்த முஸ்லிம் சமூகத்தார் 1946-இல் தங்கள் முயற்சியால் ஒரு பள்ளியைத் தொடங்கினார்கள். உமறுப் புலவர் தமிழ்ப்பள்ளி என்று பெயர் பெற்று, உயர்நிலைப்பள்ளியாகவும் வளர்ந்தது. 1982-இல் அது மூடப்பட்டது. சிங்கப்பூரின் கடைசித் தமிழ்ப்பள்ளி அதுதான். வேலையும் மேற்படிப்பும் ஆங்கிலத்தில் என்றான பிறகு பெற்றோர் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளியில் சேர்த்தார்கள்; தமிழ் ஒரு பாடமாக அங்கே தொடர்கிறது. அன்பு குறைந்து மூடிய பள்ளி என்று அதைச் சொல்ல மாட்டேன். பிள்ளைகள் வருவது நின்றால், அன்பாலும் பள்ளியைத் திறந்து வைத்திருக்க முடியாது என்பதே அங்கே நாம் காணும் பாடம்.

சட்டம் எதுவரை வரும்?

இன்று சட்டம் பெற்றோரைத் தேடி வந்திருக்கிறது. 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், ஒவ்வொரு பள்ளியிலும் பெற்றோர் ஆசிரியர் சங்கம் இருக்க வேண்டும் என்கிறது. 1998-இல் அதற்கான விதிமுறைகள் வந்தன. 2003 முதல் தொடக்கக் கல்வி கட்டாயம். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்காத பெற்றோருக்கு 5,000 வெள்ளி வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க இடமுண்டு. 2013 முதல் 2025 வரைக்குமான கல்விப் பெருந்திட்டம் அறிவித்த 11 மாற்றங்களில் ஒன்பதாவது, பெற்றோரையும் சமூகத்தையும் பங்காளிகளாக்குவது.

1912-ஆம் ஆண்டுச் சட்டம் துரையிடம், "பள்ளி கட்டு" என்றது. 2003-இல் நடப்புக்கு வந்த சட்டம் தகப்பனிடம், "பிள்ளையை அனுப்பு" என்கிறது. "பிள்ளை பக்கத்தில் உட்கார்" என்று சொல்ல எந்தச் சட்டத்தாலும் முடியாது. அது பெற்ற மனத்திலிருந்து வர வேண்டியது.

நம்ம பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் என்ன காண்கிறோம்? ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நாற்காலி பாதி காலி. வருபவர்களும் பெரும்பாலும் தாய்மார்கள். "எனக்கு என்ன தெரியும் டீச்சர், நான் படிக்காதவ" என்று கடைசி வரிசையில் ஒதுங்கி உட்காருகிறார்கள். "வாட்சாப்புல செய்தி பாத்தேன் சார்" என்று தகப்பன்மார் சொல்கிறார்கள். பார்த்தது நல்லதே. ஆனால் செய்தியைப் பார்ப்பது வேறு, வந்து நிற்பது வேறு. கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்பதை மரியாதைக் குறைவு என்று நினைக்க வேண்டாம். 1941-இல் கேட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாம்!

"வெளையாட்டு, நாடகம், சாரணர் எல்லாம் எதுக்கு? படிப்பு கெட்டுடும்" என்று சொல்லும் பெற்றோரும் உண்டு. பஸ் கட்டணம், சட்டை, காலணி என்று செலவு வருகிறதே என்ற கவலையும் எனக்குப் புரிகிறது. ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவுக்கான மதிப்பீட்டில் 90 விழுக்காடு தேர்வுக்கு, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு. அந்தப் பத்தில் நம் பிள்ளைகள் கோட்டை விடக் கூடாது. மதிப்பெண் ஒரு பக்கம் இருக்கட்டும். தொடக்கப்பள்ளியில் குழுவில் சேர்ந்து பழகாத பிள்ளை, இடைநிலைப்பள்ளியில் பல இனப் பிள்ளைகள் நடுவே போய் நின்று, வாய் திறக்கப் பயந்து கடைசி பெஞ்சில் ஒதுங்கிவிடுகிறான். அங்கிருந்து மெல்ல நின்றுவிடுகிறவர்களும் உண்டு. சடுகுடு ஆடிய பிள்ளைக்கும் நாடகத்தில் ஒரு வசனம் பேசிய பிள்ளைக்கும் அந்தப் பயம் குறைவு. ஆசிரியர்களாகிய நாங்கள் கண்ணால் காண்பது இது.

படிக்காத பெற்றோர் என்ன செய்யலாம்?

செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. இரவில் பதினைந்து நிமிடம் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, "இன்னிக்கு என்ன பாடம், வாசிச்சுக் காட்டு" என்று கேளுங்கள். உங்களுக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும், தட்டித் தடுமாறி வாசிப்பதும் சரளமாக வாசிப்பதும் காதுக்குத் தெரியும். வராத நாளைக் கணக்கு வையுங்கள். கல்யாணம், காதுகுத்து, திருவிழா என்று மாதத்தில் நாலு நாள் போனால் அந்தப் பாடத்தை யார் மறுபடியும் நடத்துவது?

உங்கள் கையில் இருக்கும் வித்தையைப் பள்ளிக்குக் கொண்டு வாருங்கள். பாட்டிமாருக்குக் கும்மியும் கோலாட்டமும் தெரியும். உறுமி அடிக்கத் தெரிந்த அண்ணன்மார் எல்லாத் தோட்டத்திலும் இருக்கிறார்கள். சடுகுடு ஆடிய மாமாமார் விளையாட்டுத் தினத்துக்கு முன் ஒரு மாதம் மாலையில் வந்து பிள்ளைகளுக்குப் பழக்கலாம். தச்சு வேலை தெரிந்தவர் உடைந்த பெஞ்சைத் தட்டிக் கொடுக்கலாம். தையல் தெரிந்த தாய்மார் நாடக உடைக்கு ஒரு கை கொடுக்கலாம். தனியார் நிலத்தில் நிற்கும் பல தோட்டப் பள்ளிகள் பகுதி உதவி பெறும் பள்ளிகள். ஆசிரியர் சம்பளத்தை அரசாங்கம் பார்த்துக்கொண்டாலும், கட்டடப் பராமரிப்பில் பள்ளி வாரியத்தின் தோளில் சுமை உண்டு. அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை கோத்தோங் ரோயோங் என்பது ஆயிரக்கணக்கான வெள்ளிக்குச் சமம்.

ஆண்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். பிள்ளை வளர்ப்பு அம்மா வேலை என்று ஒதுங்க வேண்டாம். போட்டி நடக்கும் திடலில் அப்பா வந்து நின்றால், அந்தப் பிள்ளை ஓடும் ஓட்டமே தனி. இரவு ஷிப்ட்டும் ஓவர்டைமும் இருக்கும்தான். ஆண்டில் இரண்டு நாளாவது பள்ளிக்கென்று ஒதுக்கிவையுங்கள்.

150 பிள்ளைகளுக்குக் குறைவாக இருந்தால் 'குறைந்த மாணவர் பள்ளி' என்று கணக்கில் சேரும். தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகள் பல அந்தக் கணக்கில்தான் இருக்கின்றன. அத்தகைய பள்ளியில் ஒரு குடும்பம் வந்தாலும் தெரியும், ஒரு குடும்பம் போனாலும் தெரியும். "நான் ஒருத்தன் வரலேன்னா என்ன ஆகிடும்?" என்ற கேள்விக்குச் சிறு பள்ளியில் இடமே இல்லை.

மாணவச் செல்வங்களே, இன்று பரிசு வாங்கும்போது ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கையில் இருக்கும் புத்தகத்துக்குப் பின்னால், ஒன்பது வயதில் புல்லுப் பிடுங்கப் போன ஒரு தாத்தா இருக்கிறார்; தம்பியைத் தூக்கி வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்தை எட்ட நின்று பார்த்த ஒரு பாட்டி இருக்கிறார். வீட்டுக்குப் போனதும் அவர்களிடம், "நீங்க எது வரைக்கும் படிச்சீங்க?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதிலை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அதுவும் தமிழ்ப்பள்ளி வரலாறுதான்.

பெற்றோர்களே, ஊர் கூடித் தேர் இழுத்தால்தான் தேர் நிலைக்கு வரும். நம் முன்னோர்கள் வெறும் கையோடு இழுத்தார்கள். நமக்கு இன்று சட்டம் இருக்கிறது, கட்டடம் இருக்கிறது, ஆசிரியர்கள் இருக்கிறார்கள். கயிற்றை நழுவவிடாமல் பிடித்திருக்க வேண்டியதுதான் பாக்கி. அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் முன் வரிசை நாற்காலியில் உங்களைக் காண ஆவலோடு இருக்கிறோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!